பழைய கார்ல நடுக்கம் எங்கிருந்து வருதுனு கண்டுபிடிக்கறது எப்படி: டயர்ல இருந்து டிஃபரன்ஷியல் வரைக்கும்

"70ஐ தாண்டுனா வண்டி ஆடுதுண்ணே"னு ஒர்க்‌ஷாப்ல போய் சொன்னீங்கன்னா முதல்ல வீல் பேலன்ஸிங் பண்ணிட்டு வரச் சொல்வாங்க, அது சரியாகலைன்னா அலைன்மென்ட், அப்புறம் கிராஸ் (ஷாஃப்ட் முனையில கோணத்துல மடங்கிச் சுத்தற சிலுவை மாதிரி இணைப்பு, யூனிவர்சல் ஜாயிண்ட்) மாத்திரலாம்பாங்க, அப்புறம் எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கற ரப்பர்), அப்புறம் டிஃபரன்ஷியல் ஹவுசிங்கை இறக்கிப் பாக்கணும்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் காசு போகும், நடுக்கம் மட்டும் அப்படியே இருக்கும். பாகம் தப்புனு இல்ல, வரிசைதான் தப்பு. கார்ல சுத்தற ஒவ்வொரு சாமானும் ஒவ்வொரு வேகத்துல சுத்துது, நடுக்கம் எந்த வேகத்துல வருதோ அந்த வேகத்துல சுத்தற சாமான்லதான் கோளாறு இருக்கும். இத முதல்ல பிடிச்சுட்டா பாதி வேலை ஸ்பேனர் எடுக்காமலே முடிஞ்சிரும்.

நான் இங்க முக்கியமா பேசப்போறது பின் சக்கரம் இழுக்கற பழைய வண்டிகளப் பத்தி, அதாவது அம்பாசடர், ஆம்னி, குவாலிஸ், சுமோ மாதிரி கீழ நீளமா ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், அதாவது கியர்பாக்ஸ்ல இருந்து பின் ஆக்ஸில்ல இருக்கற டிஃபரன்ஷியலுக்கு சுழற்சியைக் கொண்டுபோற குழாய், ஓடற வண்டிங்க. மாருதி 800, ஜென், சான்ட்ரோ மாதிரி முன் சக்கர வண்டிகளுக்கு கடைசியில தனியா கொஞ்சம் சொல்றேன், ஆனா ரோட் டெஸ்ட் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

முதல்ல ரோட்டுல, ஸ்பேனர் அப்புறம்

காலையில டிராஃபிக் இல்லாத நேரத்துல நல்ல தார் ரோடு ஒண்ணு பாருங்க, பைபாஸ் இருந்தா நல்லது. கூட ஒரு ஆளைக் கூட்டிக்கோங்க, நீங்க ஓட்டுங்க அவர் எழுதட்டும், ஒரே ஆள் ரெண்டும் பண்ண வேண்டாம். டயர்ல காத்து சரியா இருக்கணும். கிளம்பின உடனே டெஸ்ட் பண்ணாதீங்க, ரொம்ப நாள் நின்ன வண்டில டயர் தரையில அமுங்கி தட்டையாயிருக்கும், பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் ஓடி சூடானா அது பெரும்பாலும் தானா சரியாயிரும். அதுக்கப்புறமும் வர்ற நடுக்கம்தான் நமக்கு வேணும்.

நடுக்கம் எந்த வேகத்துல ஆரம்பிக்குது, எதுல உச்சம், அதத் தாண்டுனா குறையுதா இல்ல கூடிட்டே போகுதா, இத முதல்ல எழுதிக்கோங்க. அப்புறம் அதே வேகத்துல ஒரு கியர் மாத்திப் பாருங்க, டாப்ல 60ல நடுங்குதுன்னா மூணாவது கியர்ல அதே 60ல ஓட்டணும். எஞ்சின் ஆர்பிஎம் மாறியும் நடுக்கம் அப்படியே இருந்தா அது ரோட் ஸ்பீடோட போகுது, அப்போ டயர், வீல், ஷாஃப்ட், ஆக்ஸில் பக்கம் பாக்கணும். கியர் மாத்துனதும் நடுக்கம் ஓடிப்போச்சுன்னா இல்ல வேற வேகத்துக்கு நகந்துருச்சுன்னா எஞ்சின், கிளட்ச் பக்கம். இந்த ஒரு டெஸ்ட்ட யாருமே பண்றதில்ல, ஆனா பழைய வண்டிக்கு இதுதான் ரொம்ப முக்கியம், ஏன்னா அம்பாசடர் மாதிரி நாலு கியர் வண்டில டாப் கியர் நேர் கியர், எஞ்சினும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்துல சுத்தும், டாப்லயே ஓட்டிட்டு இருந்தா ரெண்டுல எதுனு சாமி வந்தாலும் சொல்ல முடியாது.

அடுத்து அதே வேகத்துல கிளட்ச்சை மிதிச்சு நியூட்ரல் போட்டு உருள விடுங்க. எஞ்சினை மட்டும் ஆஃப் பண்ணவே கூடாது, பூஸ்டர் இருக்கற வண்டில பிரேக் கல்லாயிரும், சாவியத் திருப்பினா ஸ்டியரிங் லாக் விழவும் வாய்ப்பிருக்கு. நியூட்ரல்லயும் அதே நடுக்கம் இருந்தா பேலன்ஸ் கோளாறு, அதாவது டயரோ வீலோ ஷாஃப்ட்டோ. நியூட்ரல் போட்டதும் நடுக்கம் நின்னு, கியர்ல ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா மட்டும் வந்துதுன்னா லோடு சம்பந்தப்பட்டது, கிராஸ், ஷாஃப்ட் கோணம், மவுண்ட், பினியன் (ஷாஃப்ட் போய்ச் சேர்ற டிஃபரன்ஷியலோட சின்ன பல்சக்கரம்) பேரிங். மிதிச்சாத்தான் வருதா இல்ல காலை எடுத்தாத்தான் வருதான்னும் குறிச்சுக்கோங்க, டிஃபரன்ஷியல் கிட்ட வரும்போது இது உதவும்.

பிரேக் போட்டா மட்டும் ஸ்டியரிங் உதறுதுன்னா டிஸ்க், பெடல் மட்டும் துடிக்குதுன்னா டிரம் வட்டம் போயிருக்கலாம், ரெண்டும் டிரைவ்லைன்ல சேராது.

கடைசியா வண்டியை நிறுத்தி நியூட்ரல்ல ரெய்ஸ் பண்ணிப் பாருங்க. நின்ன இடத்துலயே அந்த ஆர்பிஎம்ல நடுங்குதுன்னா கீழ படுக்கவே வேண்டாம், பானெட்டைத் திறங்க.

கணக்கு போடுங்க, பயப்பட ஒண்ணுமில்ல

பின் டயர்ல சாக்பீஸால ஒரு கோடு போட்டு தரையிலயும் ஒரு கோடு போட்டு, டயர் சரியா ஒரு சுத்து வர்ற வரைக்கும் வண்டியைத் தள்ளி டேப் வச்சு அளங்க. அம்பாசடர் மாதிரி 15 இன்ச் வண்டிக்கு சுமார் 2 மீட்டர் வரும். 72 கி.மீ. வேகம்னா நொடிக்கு 20 மீட்டர், அப்போ டயர் நொடிக்கு 10 சுத்து. அதாவது 10 ஹெர்ட்ஸ்.

இப்போ டிஃபரன்ஷியல் ரேஷியோ வேணும், அதாவது சக்கரம் ஒரு சுத்து வர ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதுங்கற கணக்கு. மேனுவல் இல்லைன்னா ஒரு வழி இருக்கு. கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் ரிலீஸ், தரையில நிக்கற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்ட்ல வச்சு அதை கையால ரெண்டு முழு சுத்து சுத்துங்க, அதுக்குள்ள ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதோ அதான் ரேஷியோ. ஒரு சுத்து இல்ல ரெண்டு சுத்து, ஏன்னா இன்னொரு சக்கரம் தரையில நிக்கறதால டிஃபரன்ஷியல் பாதியத்தான் கணக்குல எடுக்கும்.

4.5னு வந்துதுன்னு வச்சுப்போம். அப்போ அதே 72ல ஷாஃப்ட் நொடிக்கு 45 சுத்து, நிமிஷத்துக்கு 2,700. டயர் கோளாறுன்னா நொடிக்கு 10 உதறல், ஒவ்வொண்ணா எண்ணிரலாம் போல இருக்கும், ஸ்டியரிங்கும் சீட்டும் ஆடறது கண்ணுக்கே தெரியும். ஷாஃப்ட் பேலன்ஸ் கோளாறுன்னா 45, அது எண்ண முடியாது, தரையில காலு கூசும், கண்ணாடில பின்னாடி வர்ற வண்டி மங்கலாத் தெரியும். கிராஸ் கோணம் தப்புன்னா ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை, அதாவது 90, அது நடுக்கத்தைவிட காதுல ஊம்ம்னு ஒரு இரைச்சலா வரும்.

கையால உணர்றது நம்பிக்கை வரலைன்னா போன்ல பாத்துக்கலாம். ஜெர்மனில ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்குன ஃபைஃபாக்ஸ்னு ஒரு இலவச ஆப் இருக்கு, அதுல ஆக்ஸிலரேஷன் ஸ்பெக்ட்ரம்னு ஒண்ணு வரும். போனை சீட்டுல வைக்காதீங்க, குஷன் எல்லாத்தையும் முழுங்கிரும், சீட் ரயில் மேலயோ தரை தகரத்துலயோ நல்லா ஒட்டி வச்சு கூட வந்தவரை ரெக்கார்ட் பண்ணச் சொல்லுங்க. 10ல கூம்பு எழும்புதா 45லயான்னு படத்துலயே தெரியும். 90ஐப் பிடிக்கணும்னா போன் நொடிக்கு 180 தடவைக்கு மேல அளக்கணும், எல்லா போனும் அளக்காது, அதுக்கு அதே ஆப்ல இருக்கற ஆடியோ ஸ்பெக்ட்ரம் பயன்படும்.

டயரும் வீலும்

10 ஹெர்ட்ஸ் பக்கம் வந்துதுன்னா இங்கயே நில்லுங்க. ஸ்டியரிங்ல அதிகம்னா முன்னாடி, சீட்டுல அதிகம்னா பின்னாடி. முன்டயரை பின்னாடியும் பின்டயரை முன்னாடியும் மாத்திப் போட்டு ஓட்டுங்க, நடுக்கம் சீட்டுல இருந்து ஸ்டியரிங்குக்கு வந்துருச்சுன்னா சந்தேகமே வேண்டாம்.

பேலன்ஸிங் பண்ணியாச்சேன்னு விட்ராதீங்க. உள்ள பெல்ட் பிரிஞ்ச டயரும் மெஷின்ல பேலன்ஸ் ஆயிரும், ஆனா வட்டமா இருக்காது, ரோட்டுல குதிக்கும். சக்கரத்தைத் தூக்கி மெதுவா சுத்தவிட்டு ஒரு குச்சியை டயர் கிட்ட அசையாம வச்சுப் பாத்தா ஏறி இறங்கறது தெரியும். டயர் பக்கவாட்டுல டாட் (DOT) எழுத்துக்களோட ஆரம்பிக்கற வரிசைல கடைசி நாலு எண்ணைப் பாருங்க, 2316னா 2016ல 23வது வாரம் தயாரிச்சது. பழைய கார்ல டயரோட பட்டன் (மேல் கட்டை) நல்லா இருக்கும், ஏன்னா வண்டி ஓடறதில்ல, ஆனா ரப்பர் செத்துப் போயிருக்கும். ரிம்முக்கு உள்பக்கம் காஞ்ச சேறு, வீல் நட் லூஸ், வீல் பேரிங் ஆட்டம், இதையும் அப்படியே பாத்துருங்க.

கீழ படுக்கறதுக்கு முன்னாடி

ஜாக்கி தூக்கறதுக்கு மட்டும்தான், தாங்கறதுக்கு இல்ல. ஜாக்கிய மட்டும் நம்பி அடியில போகாதீங்க, ஸ்டாண்ட் கண்டிப்பா வேணும், முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வேணும், அம்பாசடர் ஆம்னில எல்லாம் ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், அதைத் தூக்கிட்டா ஹேண்ட்பிரேக்குக்கு வேலையே இல்ல. ஸ்டாண்டை பாடிக்கு வைக்காம ஆக்ஸிலுக்குக் கீழ வைங்க, அப்போதான் பட்டை (ஸ்பிரிங்) வழக்கமான உயரத்துல இருக்கும், ஷாஃப்ட் கோணம் உண்மையானதா இருக்கும். எஞ்சின் ஓடும்போது கைலி, வேட்டி, துண்டு எதுவும் ஷாஃப்ட் பக்கம் வரக்கூடாது, இத எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், இங்கதான் நேரம் செலவு பண்ணணும்

முதல்ல துணியால துடைச்சு கண்ணால பாருங்க. ஷாஃப்ட் குழாய்ல சொட்டை இருக்கா, அண்டர்கோட்டிங் அடிச்சப்ப தார் ஒட்டிருக்கா, வெல்டிங் பண்ணின சின்ன தகட்டு வெயிட் விழுந்துபோன தடம் இருக்கா. கிராஸ் கப் ஓரத்துல செங்கல் பொடி கலர்ல துரு வந்திருந்தா உள்ள கிரீஸ் காஞ்சு ஊசி பேரிங் அரைபடுதுனு அர்த்தம், அத மாத்தித்தான் ஆகணும்.

அப்புறம் ஷாஃப்ட்டைப் பிடிச்சு முறுக்கிப் பாருங்க. இங்க நிறைய பேர் குழம்பறாங்க, முறுக்கும்போது வர்ற ஆட்டம் எல்லாமே கிராஸ் ஆட்டம் இல்ல, டிஃபரன்ஷியல் பல்லுக்கு நடுவுல இருக்கற இடைவெளியும் அதுல சேந்து வரும். அதனால கிராஸுக்கு இந்தப்பக்க யோக்கையும் (கிராஸைப் பிடிச்சிருக்கற கவட்டை) அந்தப்பக்க யோக்கையும் சேத்துப் பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல அசைவு இருந்தா மட்டும்தான் கிராஸ் போச்சு. மேல கீழயும் ஆட்டிப் பாக்கணும். ஆட்டமே இல்லாம இருந்தும் கிராஸ் கெட்டிருக்கலாம், ஷாஃப்ட்டைக் கழட்டி கிராஸை விரலால எல்லாப் பக்கமும் அசைச்சா நடுவுல ஒரு இடத்துல டக்குனு பிடிச்சு விடும், ஊசிங்க ஒரே இடத்துல பதிஞ்சு பள்ளம் விழுந்துருச்சுனு அர்த்தம்.

கழட்டறதுக்கு முன்னாடி பெயின்ட்டால மார்க் பண்ணுங்க, ஃபிளேஞ்ச்லயும் (போல்ட் போடற தட்டு) ஸ்லிப் ஸ்ப்லைன்லயும் (ஒண்ணுக்குள்ள ஒண்ணு நழுவற பல் இணைப்பு) ரெண்டு பக்கமும். நல்லா ஓடிட்டிருந்த வண்டி கிளட்ச் வேலை பாத்து வந்ததும் நடுங்க ஆரம்பிச்சுதுன்னா முக்காவாசி நேரம் இதான் காரணம், மார்க் இல்லாம கழட்டி ஸ்ப்லைனை வேற பல்லுல மாட்டியிருப்பாங்க.

ஏன் அது அவ்ளோ முக்கியம்னா, கிராஸ் ஒரு கோணத்துல வேலை செய்யும்போது உள்ள வர்ற சுழற்சி சீரா இருந்தாலும் வெளிய போறது சீரா இருக்காது, ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகம் கூடும், ரெண்டு தடவை குறையும். கோணம் 3 டிகிரின்னா அந்த ஏத்த இறக்கம் 0.14 சதவீதம்தான், 10 டிகிரின்னா 1.5 சதவீதம், கிட்டத்தட்ட பத்து மடங்கு. முன் கிராஸ் பண்ற கோளாறை பின் கிராஸ் எதிர்ப்பக்கமா பண்ணி சரிக்கட்டிரும், ஆனா அதுக்கு ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, ஷாஃப்ட்டோட ரெண்டு முனை யோக்கும் ஒரே வரிசைல இருக்கணும். ரெண்டு, ரெண்டு கோணமும் சமமா இருக்கணும். ஸ்ப்லைன் 90 டிகிரி தள்ளி மாட்டுனா சரிக்கட்டறதுக்குப் பதிலா ரெண்டும் சேந்துக்கும்.

கோணத்தை அளக்க தனியா கருவி வேண்டாம், போன்ல இருக்கற லெவல் ஆப் போதும். பிட்ல விட்டு, சக்கரம் தரையில நிக்க, மூணு இடத்துல அளங்க: கியர்பாக்ஸ் கடைசி ஃபிளேஞ்ச், ஷாஃப்ட் குழாய், பினியன் ஃபிளேஞ்ச். ஃபிளேஞ்ச் முகம் செங்குத்தா நிக்கும், அதுல வச்சு எடுக்கற அளவை 90ல இருந்து கழிச்சுக்கணும். மூணையும் ஒரே பக்கமா போனை வச்சு அளக்கணும், எது மேல் சாய்வு எது கீழ் சாய்வுன்னும் எழுதணும். கியர்பாக்ஸ் பின்னோக்கி 3 டிகிரி கீழ, ஷாஃப்ட் 5 டிகிரி கீழ, பினியன் 3 டிகிரி கீழன்னா முன் கோணம் 2, பின் கோணம் 2, அருமை. ரெண்டுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள்ள இருக்கணும், தனித்தனியா 3 டிகிரியைத் தாண்டாம இருந்தா நல்லது. சுத்தமா பூஜ்யமும் வேண்டாம், கொஞ்சமாவது கோணம் இருந்தாத்தான் ஊசிங்க உருண்டு கிரீஸ் பரவும்.

பழைய வண்டில இந்தக் கோணம் கெடறதுக்கு நம்ம ஊர்ல ரெண்டு வழி இருக்கு. கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் எண்ணெய் குடிச்சு ஊறி அமுங்கிரும், வால் பக்கம் இறங்கி முன் கோணம் மாறிரும். இன்னொண்ணு, பின்பக்கம் தொங்குதுனு எக்ஸ்ட்ரா பட்டை சேத்து வண்டியைத் தூக்கறது. தூக்குனா ரெண்டு கோணமும் சேந்து கூடும், சமமா இருந்தாலும் நடுவுல இருக்கற ஷாஃப்ட் மட்டும் கூடிக் குறைஞ்சுதான் சுத்தும், அதோட எடையே நடுக்கமா வரும். பினியன் கோணத்தை மட்டும் திருத்தணும்னா பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல ஆப்பு மாதிரி சாய்வான தகடு வைக்கறது உண்டு, ஆனா முதல்ல மவுண்ட்டைப் புதுசா போட்டுட்டு திரும்ப அளங்க, பாதி வண்டிக்கு தகடே தேவைப்படாது.

நீளமான வண்டில ஷாஃப்ட் ரெண்டு துண்டா இருக்கும், நடுவுல சென்டர் பேரிங். நின்ன வண்டியைக் கிளப்பும்போது குறைஞ்ச வேகத்துல கீழ தடதடன்னு ஒரு உதறல் வந்து அப்புறம் அடங்குதுன்னா அந்த பேரிங்கைப் பிடிச்சிருக்கற ரப்பரைப் பாருங்க, கிழிஞ்சிருக்கும். அத மாத்துங்க, பழைய டயர் டியூபை வெட்டி சுத்தி விட்றது வேண்டாம்.

எல்லாம் சரி, 45 ஹெர்ட்ஸ் மட்டும் போகலைன்னா பேலன்ஸ். பேலன்ஸ் கோளாறோட விசை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும், 60ல இருந்ததை விட 90ல 2.25 மடங்கு, அதான் வேகம் கூடக் கூட மோசமாகுது. முதல்ல ஃபிளேஞ்ச் போல்ட்டைக் கழட்டி ஷாஃப்ட்டை 180 டிகிரி திருப்பி மாட்டி ஓட்டிப் பாருங்க, செலவே இல்ல, சில நேரம் அதுலயே குறைஞ்சிரும். அப்புறம் ஹோஸ் கிளிப் டெஸ்ட்: ஷாஃப்ட்டோட பின்முனை கிட்ட நாலு பக்கமும் 1, 2, 3, 4னு எழுதி, ஒரு ஹோஸ் கிளிப்பை ஸ்க்ரூ தலை 1ல இருக்கற மாதிரி இறுக்கி அதே ரோட்ல அதே வேகத்துல ஓட்டுங்க, அப்புறம் 2, 3, 4. எதுல நல்லா குறையுதோ அதுக்கு எதிர்ப்பக்கம்தான் கனம். நாலுலயும் மாற்றமே இல்லைன்னா பேலன்ஸ் இல்ல, ஷாஃப்ட் வளைஞ்சிருக்கலாம், டயல் கேஜ் வச்சு நடுவுல பாருங்க, அனுமதிக்கற அளவு நிறைய வண்டிக்கு 0.5ல இருந்து 1 மில்லிமீட்டருக்குள்ள. கிளிப் சோதனைக்கு மட்டும்தான், நிரந்தரமா விடாம பேலன்ஸிங் மெஷின் இருக்கற இடத்துல குடுத்து வெயிட் வெல்டிங் பண்ணிருங்க. நாமக்கல், சங்ககிரி மாதிரி லாரித் தொழில் நடக்கற ஊர்ல விசாரிங்க, லாரி ஷாஃப்ட் பாக்கறவங்களுக்கு இது தினசரி வேலை.

டிஃபரன்ஷியல், ஆக்ஸில்

பினியன் ஃபிளேஞ்ச்சை மேல கீழ ஆட்டுங்க, துளி ஆட்டமும் இருக்கக்கூடாது, இருந்தா பினியன் பேரிங். மிதிச்சா ஒரு கூவல், காலை எடுத்தா வேற கூவல்னு மாறுச்சுன்னா கிரவுன் (பினியன் சுத்தி விடற பெரிய பல்சக்கரம்), பினியன் சேர்க்கையிலயோ பினியன் பேரிங்லயோ கோளாறு. ஆயிலை வடிச்சு விரலால தேய்ச்சுப் பாருங்க, சாம்பல் நிற மாவு சகஜம், ஊசி மாதிரி துணுக்கோ பல் துண்டோ வந்தா திறந்தே ஆகணும். பினியன் நட் லூஸா இருக்குதுனு கண்ணை மூடிட்டு இறுக்காதீங்க, நிறைய வண்டில அந்த நட்டுதான் பேரிங் ப்ரீலோடை, அதாவது பேரிங் எவ்ளோ அழுத்தத்துல இருக்கணும்ங்கறதை, தீர்மானிக்குது, கொஞ்சம் கூடினாலே பேரிங் சூடாகி போயிரும்.

வீலைக் கழட்டிட்டு டிரம்மை நட்டால இறுக்கி, ஸ்டாண்ட்ல வச்சு ஓட்டிப் பாக்கற முறையும் இருக்கு. வீல் இல்லாமலும் நடுங்குனா ஷாஃப்ட் இல்ல ஆக்ஸில், நடுக்கம் போயிருச்சுன்னா வீல். ஆனா தனியா பண்ணாதீங்க, நல்ல மெக்கானிக் பக்கத்துல இருக்கணும்.

எஞ்சின், கிளட்ச்

பானெட்டைத் திறந்து, ஒருத்தர் பிரேக்கை அழுத்தி வச்சு முதல் கியர்ல கிளட்ச்சை லேசா கடிக்க விடட்டும், அப்புறம் ரிவர்ஸ்ல. வண்டிக்கு முன்னாடி யாரும் நிக்காதீங்க, பக்கவாட்டுல நின்னு பாருங்க. எஞ்சின் ஒரு பக்கம் தூக்கி விழுந்துதுன்னா மவுண்ட் கிழிஞ்சிருக்கு. கிளம்பும்போது மட்டும் குலுங்கி அப்புறம் சரியாகுதுன்னா கிளட்ச் பிளேட்ல ஆயில் பட்டிருக்கலாம், பிரஷர் பிளேட் விரல் சமமில்லாம இருக்கலாம். மேட்டுல லோடு குடுக்கும்போது மட்டும் திக்கித் திக்கி வர்ற நடுக்கம் ஷாஃப்ட்டே இல்ல, மிஸ்ஃபயர், பிளக்கும் கார்பரேட்டரும்தான் பாக்கணும்.

முன் சக்கர வண்டிகளுக்கு

ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் இல்ல, ரெண்டு டிரைவ் ஷாஃப்ட். வளைவுல திருப்பும்போது கடகடன்னா வெளி ஜாயிண்ட். நேரா போகும்போது மிதிச்சா உதறி காலை எடுத்தா நின்னுதுன்னா உள் ஜாயிண்ட், இதைத்தான் நிறைய பேர் பேலன்ஸிங்னு நினைச்சு அலையறாங்க. பூட் (ஜாயிண்ட்டை மூடியிருக்கற ரப்பர் உறை) கிழிஞ்சு கொஞ்ச நாள்தான் ஆகுதுன்னா கழுவி கிரீஸ் போட்டு புது பூட் மாட்டுனா ஜாயிண்ட் தப்பிக்கும், மண்ணு உள்ள போய் நாளாச்சுன்னா மாத்தறதுதான் வழி.

மாட்டும்போது

கிராஸ் புதுசு வாங்குனா கிரீஸ் நிப்பிள் வச்சதா கேட்டு வாங்குங்க, கப் நாலும் உள்ள உக்காந்ததும் லாக் சரியா காடியில விழுந்துதான்னு பாருங்க, ஒரு ஊசி சரிஞ்சு கிடந்தாலும் கப் முழுசா போகாது, அத சுத்தியல் அடிச்சு உள்ள தள்ளக்கூடாது. ஃபிளேஞ்ச் போல்ட் சாதா போல்ட் வேண்டாம், தலையில 8.8 இல்ல 10.9னு போட்டிருக்கும், கழட்டினது என்ன கிரேடோ அதே கிரேடு, நைலான் லாக் நட் ஒவ்வொரு தடவையும் புதுசு. அப்புறம் முதல் நாள் எழுதின பேப்பரை எடுத்துட்டு அதே ரோட்டுல அதே வேகத்துல ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்க, கொஞ்ச தூரம் ஓடினதும் யூ போல்ட்டையும் ஃபிளேஞ்ச் போல்ட்டையும் ஒரு தடவை இறுக்கம் பாத்துருங்க.